விமானத்தைத் தரையில் இழுப்பதும் நிறுத்துவதும்: சிங்கப்பூரின் சாங்கி, சிலேத்தார் விமான நிலைய ஊழியர்களுக்கான முழு வழிகாட்டி

இந்த வேலையில் எந்த நொடியிலும் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: விமானத்தை இப்போது பிடித்து வைத்திருப்பது எது? சக்கரத்தடுப்பான சாக்கா, பார்க்கிங் பிரேக்கா, இழுவை வண்டியா? தரையில் நடக்கும் இழுவை விபத்துகள் பலவற்றில், ஒன்று விட்டுவிட்டது, அடுத்தது இன்னும் பிடிக்கவில்லை. கீழே இருப்பவர் மேலே காக்பிட்டில் பிரேக் இருக்கிறது என்று நம்பிச் சாக்கை எடுக்கிறார். மேலே இருப்பவர் கீழே சாக் இருக்கிறது என்று நம்பிப் பிரேக்கை விடுகிறார். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளி வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

எண்கள் பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 வகைகளைச் சார்ந்தவை. சாங்கியிலும் சிலேத்தாரிலும் கையில் வரும் விமானம் வேறாக இருந்தால் அந்த விமானத்தின் பராமரிப்புக் கையேடு சொல்வதே கணக்கு. உங்கள் நிறுவனத்தின் நடைமுறை இன்னும் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எடை என்ன செய்யும்

பயணிகள் இல்லாத, ஓரளவு எரிபொருள் உள்ள ஏ320-ஐ 60 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதை 5 மீட்டருக்குள் நிறுத்த ஏறத்தாழ 4.7 டன் விசை வேண்டும். இழுவை வண்டியின் எடை 12 டன் என்றால், காய்ந்த கான்கிரீட்டில் அதன் சக்கரங்கள் 8 டன் வரை பிடித்துக்கொள்ளும். அதே இடம் மழையில் நனைந்து, மேலே கொஞ்சம் எண்ணெயும் ரப்பர் கறையும் இருந்தால் பிடிமானம் பாதியாகிவிடலாம். அப்போது 4 டன்தான் மிஞ்சும், தேவையோ 4.7. வண்டி வழுக்கும், விமானம் அதைத் தள்ளிக்கொண்டு போகும், வண்டியையும் விமானத்தையும் இணைக்கும் கம்பியான டோ பார் பக்கவாட்டில் மடங்கும். கத்தி மடங்குவதுபோல் வண்டி விமானத்தின் மூக்கை நோக்கித் திரும்பிவிடும்.

வேகத்தை 20 கிலோமீட்டராக்கினால் தேவை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு: கிட்டத்தட்ட 19 டன். எந்த 12 டன் வண்டியாலும் அது முடியாது. டோ பார் போட்டு இழுக்கும்போது நடக்கிற வேகத்தை ஒட்டியே போகச் சொல்வது இதனால்தான். திருப்பத்தில் இன்னும் குறைக்க வேண்டும். விமானத்தின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் டோ பார் இல்லாத வண்டிகள் வேகமாகப் போகக்கூடியவை. மூக்குச் சக்கரத்தின் எடையும் அவற்றின் மேல் உட்கார்வதால் பிடிமானம் கூடுகிறது. ஆனாலும் ஒரே மாதிரியான எச்சரிக்கைதான் தேவை.

சாய்வையும் மறந்துவிடக் கூடாது. நிறுத்துமிடத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் சாய்வு இருக்கக் கூடாது என்பது அனைத்துலக விதி. கண்ணுக்கே தெரியாத அந்த 1 விழுக்காட்டில் 60 டன் விமானம் 600 கிலோ விசையோடு கீழ்நோக்கி இழுக்கிறது. விமானக் கொட்டகையான ஹேங்கர் வாசலில் சாய்வு இதைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

இணைக்கும் முன்

முதலில் டோ பார். அதன் தலை அந்த விமான வகைக்கு உரியதா என்று பாருங்கள். பிறகு ஷியர் பின்னைப் பாருங்கள், தொட்டும் பாருங்கள். இழுக்கும் விசை அளவு மீறும்போதும் திருப்பும் விசை அளவு மீறும்போதும் தானே முறிந்து, மூக்குச் சக்கரத்தின் காலைக் காப்பாற்றுவதே அந்தப் பின்னின் வேலை. பின் வளைந்திருந்தால், நடுவில் மெல்லிய வரிபோல் தேய்ந்திருந்தால், துளையில் ஆட்டம் இருந்தால் மாற்றுங்கள். கையில் பின் இல்லை என்று கடையில் கிடைக்கும் போல்ட்டைப் போடுகிற பழக்கம் எங்காவது இருந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். போல்ட் முறியாது, அதற்குப் பதில் விமானத்தின் கால் முறியும்.

அடுத்து, மூக்குச் சக்கரக் கால். அதிர்வைத் தாங்கும் அதன் ஷாக் ஸ்ட்ரட்டில் பளபளப்பான குழாய் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். கால் முழுக்க நீண்டு நிற்கிறது என்றால் சக்கரத்தை நேராக நிறுத்துவதற்காக உள்ளே உள்ள சென்டரிங் கேம் பூட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே உடையும். எஞ்சின் கழற்றிய விமானத்திலும், பின்பக்கம் மட்டும் எரிபொருளோ சரக்கோ உள்ள விமானத்திலும் மூக்கு இப்படித் தூக்கிக்கொள்ளும். அப்போது எடைச் சமநிலையைக் கணக்கிட்டு, தேவையானால் முன்பக்கம் பளு ஏற்றிய பிறகே நகர்த்த வேண்டும்.

தரையிறங்கும் கால்களுக்கான மூன்று பூட்டுப் பின்களும், அதாவது மூக்கில் ஒன்றும் பிரதானக் கால்களில் இரண்டும், போட்டாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். சிவப்பு நாடா தொங்குவது கண்ணில் படுவது போதாது. பின் துளைக்குள் முழுக்க இறங்கியிருக்கிறதா என்பதே கேள்வி.

இனி, மூக்குச் சக்கர ஸ்டியரிங்கைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின். பலர் அவசரத்தில் தவறவிடும் இடம் இது. ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் இருக்கும்போது மூக்குச் சக்கர ஸ்டியரிங் தன் விருப்பப்படி சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். டோ பார் அதை வேறு பக்கம் திருப்பும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது, பக்கத்தில் நிற்கும் மனிதரின் கால். அழுத்தம் திடீரென வந்தால் டோ பார் ஒரு வீச்சில் பக்கவாட்டில் அடிக்கும். ஆகவே டோ பாரை விமானத்தில் மாட்டுவதற்கு முன்பே பின் போட வேண்டும். ஏ320-இல் மூக்குக் காலில் உள்ள டோயிங் நெம்புகோலைத் திருப்பிப் பின்னைச் செருகியதும் காக்பிட் திரையில் ஸ்டியரிங் துண்டிக்கப்பட்டதற்கான செய்தி வரும். மேலே இருப்பவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும். 737-இல் ஸ்டியரிங்குக்கு உயிர் கொடுப்பது 'ஏ' எனப்படும் ஹைட்ராலிக் அமைப்பு. பின் போடாமல் அந்தப் பம்ப்பைப் போடவே கூடாது.

காக்பிட்டில் பிரேக் பிடிப்பவர்

இவர் ஒரு பயணியல்ல. பயிற்சியும் அனுமதியும் பெற்றவர் மட்டுமே அந்த இருக்கையில் உட்கார வேண்டும். இருக்கையைச் சரிசெய்து, பெடலை முழுக்க அழுத்த முடிகிறதா என்று பார்த்து, பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். எட்டாத இருக்கையில் உட்கார்ந்தால் தேவைப்படும் நேரத்தில் பாதிப் பிரேக்தான் கிடைக்கும்.

எஞ்சின் ஓடாத விமானத்தில் பிரேக்கின் முழு உயிரும் அக்கியுமுலேட்டரில் இருக்கிறது. நைட்ரஜனை அழுத்தி வைத்திருக்கும் உருளை அது. ஏ320-இல் நன்றாக நிரம்பிய அக்கியுமுலேட்டர் குறைந்தது 7 முழு பிரேக் அழுத்தங்கள் தரும், பார்க்கிங் பிரேக்கைக் குறைந்தது 12 மணி நேரம் பிடித்து வைக்கும். மூன்று ஊசிகள் கொண்ட அழுத்தமானியில் மேலே உள்ளது அக்கியுமுலேட்டர், கீழே உள்ள இரண்டும் இடது, வலது பிரேக். மேல் ஊசி பச்சைப் பட்டையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'மஞ்சள்' எனப்படும் ஹைட்ராலிக் அமைப்பின் மின்பம்ப்பைப் போட்டு ஏற்றுங்கள். ஆனால் பம்ப்பைத் தொடுமுன் கீழே கேளுங்கள். இறக்கைப் பரப்புகள் அசையலாம், அங்கே யாராவது ஏணியில் நிற்கலாம்.

737-இல் ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. அதன் அக்கியுமுலேட்டரில் நைட்ரஜன் மட்டும் இருக்கும்போதே மானி 1000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். நிரம்பியிருந்தால் 3000. ஊசி 1000-இல் நிற்பதைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதே என்று நினைப்பவர் ஏமாறுவார். அங்கே பிரேக் எண்ணெய் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. பார்க்கிங் பிரேக் நெம்புகோலுக்குப் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்கும் பிரேக் போட்ட நிலையை மட்டும் சொல்கிறது, அழுத்தம் இருக்கிறதா என்று சொல்வதில்லை. விளக்கை நம்பாதீர்கள், ஊசியைப் படியுங்கள்.

பிறகு பெடலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஏ320-இல் இரண்டு பக்க ஊசியும் ஒன்றாக ஏறி, விட்டதும் ஒன்றாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் இழுவை வேண்டாம். இந்தச் சோதனைக்கு ஓர் அழுத்தம் செலவாகிறது என்று கவலைப்பட வேண்டாம், செலவானதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

சிவப்புச் சுழல்விளக்கும் இறக்கை விளக்குகளும் எரியட்டும். கதவுகள் மூடியிருக்கட்டும்.

பேசும் முறை

ஹெட்செட்டில் இரு முனையிலும் தமிழர்கள் இருக்கும்போது வேலை சுமுகமாகப் போகும். ஆனால் பிரேக் விஷயத்தில் நம் அன்றாடப் பேச்சு ஆபத்தானது. "விடு" என்றால் பிரேக்கை விடச் சொல்கிறாரா, அப்படியே இருக்கட்டும் விடு என்கிறாரா? "எடுத்தாச்சுண்ணே" என்றால் எடுத்தது சாக்கா, பிரேக்கா? "பிடி" என்பதை வண்டி ஓட்டுபவர் இழுக்கச் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம். சத்தத்தில் கடைசி அசை காதில் விழாமல் போனால் "போட்டாச்சு", "போடலை" இரண்டும் ஒன்றாகிவிடும். கட்டளைகளுக்கு "பிரேக் செட்", "பிரேக் ரிலீஸ்", "ஸ்டாப்" என்ற மூன்றையும் அப்படியே வையுங்கள். சீனரும் மலாய்க்காரரும் ஃபிலிப்பினோவும் சேர்ந்த குழுவில் எல்லாருக்கும் அது பொதுவாகவும் இருக்கும். கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும், செய்த பிறகு இன்னொரு முறை சொல்ல வேண்டும்: "பிரேக் ரிலீஸ்." "பிரேக் ரிலீஸ்." ஊசி இறங்கியதும், "பிரேக் ரிலீஸ்டு, பிரஷர் ஜீரோ." மற்றதையெல்லாம் அண்ணே தம்பி என்று பேசிக்கொள்ளுங்கள், தடையில்லை.

ஹெட்செட் செயலிழந்தால் கைச்சைகை. பிரேக் போட: திறந்த உள்ளங்கையைத் தோளுக்குச் சற்று மேலே உயர்த்தி, மேலே இருப்பவரின் கண்ணைப் பார்த்த பிறகு முஷ்டியாக மூடுவது. பிரேக் விட: முஷ்டியை உயர்த்தித் திறப்பது. பதில் சைகை வரும்வரை யாரும் அசையக் கூடாது. நகர்ந்துகொண்டிருக்கும்போது பேச்சுத் தொடர்பு அறுந்தால், விமானத்தை நிறுத்துங்கள்.

இணைப்பது, நகர்த்துவது

1. சாக்குகள் இடத்தில், பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில், ஊசி படித்துச் சொல்லப்பட்டது. இப்போது பிடிப்பவை இரண்டு.
2. பைபாஸ் பின், திரைச் செய்தி உறுதி.
3. டோ பாரை முதலில் விமானத்தில் மாட்டுங்கள், பிறகு வண்டியை மெல்லப் பின்னால் கொண்டுவந்து இணையுங்கள். வண்டிக்கும் விமானத்துக்கும் நடுவே நிற்பவர் ஒருவர் மட்டும். வண்டி அசையும்போது அவரும் அங்கே நிற்கக் கூடாது, வண்டி நின்ற பிறகுதான் உள்ளே வர வேண்டும்.
4. டோ பாரின் சிறு சக்கரங்களைத் தூக்குங்கள்.
5. வண்டியின் பிரேக் போட்டிருக்கிறது என்று ஓட்டுநர் சொல்கிறார். இப்போது பிடிப்பவை மூன்று.
6. சாக்குகளை எடுங்கள். எடுப்பவர் எண்ணிச் சொல்ல வேண்டும்.
7. எல்லாரும் விலகியதும் "பிரேக் ரிலீஸ்". இந்த நொடியிலிருந்து விமானத்தைப் பிடித்திருப்பது வண்டி மட்டும்தான்.

வண்டியின் பிரேக்கை விட்டு, டோ பாரில் உள்ள தளர்வு இறுகும்வரை அங்குலம் அங்குலமாக நகருங்கள். குலுக்கி இழுத்தால் முதல் அதிர்ச்சியிலேயே ஷியர் பின் போய்விடும்.

நகரும்போது மூக்குச் சக்கரத்துக்கும் டோ பாருக்கும் அருகே யாரும் நடக்கக் கூடாது, டோ பார் மேல் ஏறிக்கொள்ளவும் கூடாது. ஹெட்செட் கம்பியோடு நடப்பவர் திருப்பத்தின் உள்பக்கம் வந்தால் மூக்குச் சக்கரம் அவரை நோக்கித் திரும்பும். கம்பி சிக்கினால் அதை விட்டுவிட்டு விலகுங்கள். கம்பியை இழுத்துக் காப்பாற்ற நினைப்பதில்தான் கால் மாட்டுகிறது.

திருப்பத்தின் எல்லை ஏ320-க்கு 95 டிகிரி, 737-க்கு 78 டிகிரி. மூக்குக் காலின் கதவுகளில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். டோ பார் அந்தக் கோட்டைத் தொடுமுன் நிறுத்துங்கள். 737-ஐ அதற்கு மேல் திருப்ப வேண்டுமானால் மூக்குக் காலின் மேல், கீழ்ப் பாகங்களை இணைக்கும் டார்ஷன் லிங்க்கைக் கழற்ற வேண்டும், அது தனி வேலை, தனிப் பதிவு. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பவே கூடாது, உருண்டுகொண்டே திருப்புங்கள். கடைசித் திருப்பம் முடிந்ததும் சில மீட்டர் நேராக இழுத்து நிறுத்தினால் பிரதானக் கால்களில் முறுக்கு தங்காது.

இறக்கை நுனி பற்றி ஒரு வார்த்தை. பின்னோக்கி வளைந்த இறக்கை திரும்பும்போது, அதன் நுனி நேராகப் போகும்போது இருந்த எல்லைக்கு வெளியே வீசிப் போகும். 35.8 மீட்டர் அகல ஏ320-ஐ விட 64.8 மீட்டர் அகல 777-300ஈஆரில் இது பயங்கரமாகத் தெரியும். நேராக நிற்கும்போது இடம் இருந்ததே என்ற கணக்கு திருப்பத்தில் பொய்த்துப் போகும். அனைத்துலக விதிப்படி நிறுத்துமிடத்தில் ஏ320, 737 அளவுக்கு 4.5 மீட்டர், 777, ஏ350, ஏ380 அளவுக்கு 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும். ஹேங்கருக்குள் அவ்வளவு கிடைக்காது. அங்கே இரு நுனிக்கும் வாலுக்கும் ஒவ்வொருவர், கையில் விசில். விசில் ஊதினால் கேள்வியில்லாமல் நிறுத்த வேண்டும். யார் ஊதினார், ஏன் ஊதினார் என்பதை நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம்.

சாங்கியில் இரவில் பச்சை மையக்கோட்டு விளக்குகள் வழிகாட்டும். சிவப்பு நிறுத்தக் கோட்டு விளக்கு எரியும்போது, வாய்மொழி அனுமதி கிடைத்ததுபோல் தோன்றினாலும் தாண்டக் கூடாது. மறுபடி கேளுங்கள்.

பிரேக்கை எப்போது தொடுவது

இழுத்துப் போகும்போது நிறுத்துவது வண்டி ஓட்டுநரின் வேலை. காக்பிட்டில் இருப்பவர் பயந்து மிதித்தால் விமானம் நிற்கப் பார்க்கும், வண்டி இழுக்கப் பார்க்கும், இடையில் ஷியர் பின் முறியும் அல்லது மூக்குக் கால் சேதமாகும். அவர் மிதிக்க வேண்டியது இரண்டே சமயங்களில்: ஓட்டுநர் கேட்கும்போது, விமானம் வண்டியிலிருந்து பிரிந்துவிட்டபோது.

அப்போதும் இரு பெடலையும் சமமாக, படிப்படியாக. ஏ320-இல் அக்கியுமுலேட்டரிலிருந்து வரும் பிரேக்குக்குச் சக்கரம் வழுக்காமல் காக்கும் ஆன்டி ஸ்கிட் கிடையாது, ஊசி 1000 பிஎஸ்ஐயைத் தாண்டாமல் மிதிக்க வேண்டும். மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு முறை விடும்போதும் சேமிப்பு கரைகிறது, மிதித்ததைப் பிடித்துக்கொண்டு கூட்டுங்கள். நகர்ந்துகொண்டிருக்கும்போது பார்க்கிங் பிரேக்கை இழுப்பது கடைசிக் கையிருப்பு மட்டுமே. அது சக்கரத்தை ஒரேயடியாகப் பூட்டும்.

முன்னால் இழுக்கும்போது ஷியர் பின் முறிந்தால், விமானம் வண்டியின் மேல் வந்து மோதும். ஓட்டுநர் நிறுத்தாமல், வேகம் கூட்டிப் பக்கவாட்டில் விலக வேண்டும். பின்னால் தள்ளும்போது முறிந்தால் விமானம் தானாக விலகிப் போகும். அப்போது வண்டியை உடனே நிறுத்தலாம். இரண்டிலும் முதல் சொல் "பார் புரோக்கன்", இரண்டாவது சொல் "பிரேக்". விமானம் நின்ற பிறகு சாக் போட்டு, மூக்குக் காலைப் பொறியாளர் சோதிக்காமல் மறுபடி இணைக்கக் கூடாது.

வண்டியே தீப்பிடிக்கவும் கூடும். 2017 நவம்பர் 29 அதிகாலை சாங்கியில் 777 ஒன்றை இழுத்துப் போன வண்டியில் அப்படி நடந்து, விமானமும் சேதமானது. தீயணைப்பான் வண்டியில் எங்கே இருக்கிறது, காக்பிட்டில் இருப்பவர் எந்தக் கதவு வழியாக எப்படி இறங்குவார் என்பதைக் கிளம்புமுன்பே பேசி முடிவெடுங்கள். இழுவையின்போது படிக்கட்டு வண்டி பக்கத்தில் இருக்காது.

மழை, மின்னல், சூடு

சிங்கப்பூரில் ஆண்டில் 160 நாளுக்கு மேல் இடி மின்னல் இருக்கிறது. மின்னல் எச்சரிக்கை வந்தால் கம்பி ஹெட்செட்டைப் பிடித்துக்கொண்டு விமானத்துக்குக் கீழே நிற்பதுதான் மிக மோசமான இடம். விமானத்தை நிறுத்தி, சாக் போட்டு, பிரேக் செட் ஆனதை உறுதி செய்து, கம்பியைக் கழற்றி ஒதுங்குங்கள். சுமத்ரா பக்கமிருந்து விடியலுக்கு முன் வரும் புயல்மழையில் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். உயர்ந்த வால் காற்றுப் பாய்போல் செயல்பட்டு, டோ பாரில் மாட்டிய விமானத்தையே திருப்பும். காற்றுக்கான வரம்பு கையேட்டில் இருக்கிறது, மேகம் கறுக்கும்போதே எடுத்துப் பாருங்கள்.

அப்போதுதான் தரையிறங்கிய விமானத்தில் பிரேக் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஏ320 அந்த அளவில் எச்சரிக்கும். சூடான சக்கரத்தை முன்னிருந்தோ பின்னிருந்தோ அணுகுங்கள், பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம். சக்கரம் வெடித்தால் பாகங்கள் பக்கவாட்டில்தான் பறக்கும். தண்ணீர் அடித்து ஆற்றவும் வேண்டாம்.

கழற்றுவது

இணைத்த வரிசைக்குக் கிட்டத்தட்ட தலைகீழ்தான், ஆனாலும் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் வண்டி நிற்கிறது, அதன் பிரேக் போடப்படுகிறது. "பிரேக் செட்", ஊசிகள் ஏறியதைப் படித்துச் சொல்ல வேண்டும். பிறகு பிரதானச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சாக். ரப்பரை இறுக்கித் தள்ள வேண்டாம், விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். எரிபொருள் ஏற்றியதும் டயர் பிதுங்கி, சாக் பிடித்துக்கொள்ளும். சாக் போட்டாயிற்று என்று சத்தமாகச் சொன்ன பிறகே டோ பாரைத் தொட வேண்டும்.

தொடும்போதும் எச்சரிக்கை: டோ பாரில் இன்னும் இறுக்கம் இருந்தால் பின்னை உருவியதும் அது துள்ளும். சிறு சக்கரங்களை இறக்கி, வண்டியை ஓர் அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கத்தைத் தளர்த்தி, வண்டிப் பக்கம் முதலில், விமானப் பக்கம் பிறகு கழற்றுங்கள். பைபாஸ் பின் கடைசியில் வரும், டோ பார் முழுக்க விலகிய பிறகு. அடுத்து எஞ்சினை ஓட்டப் போகிறவர்களுக்கு அந்தப் பின்னைக் கையில் உயர்த்திக் காட்டுங்கள், சிவப்பு நாடா தொங்கட்டும். அதைப் பார்த்துத் தலையசைத்தால்தான் மூக்குச் சக்கரம் மறுபடி விமானியின் கையில்.